ஹெமிங்வே டைக்கிரி: கரும்பு நாட்டின் சர்க்கரையில்லாக் கோப்பை

கியூபாவின் தென்கிழக்கில், சாந்தியாகோ நகருக்குக் கிழக்கே தைகிரி என்றொரு சிறு கடற்கரை ஊர் இருக்கிறது. 1898-ல் ஸ்பெயினுடனான போரில் அமெரிக்கப் படை கரையிறங்கிய இடம் அது. அப்பகுதி இரும்புச் சுரங்கத்தில் பணியாற்றிய ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை மூன்றையும் கலந்து அதற்கு ஊரின் பெயரையே வைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கரீபியத் தீவுகளில் இம்மூன்றும் அதற்கு வெகுகாலம் முன்பே ஒன்றாகக் கலக்கப்பட்டு வந்தவைதான். பெயர்தான் புதிது. ஆங்கிலத்தில் அது டைக்கிரி ஆயிற்று.

இந்த மதுக்கலவையைப் புகழ்பெறச் செய்தது ஹவானாவின் ஒபிஸ்போ தெருவிலுள்ள எல் ஃப்ளோரிடிட்டா மதுக்கூடம். அதை நடத்திய கான்ஸ்டான்டினோ ரிபலைகுவா ஸ்பெயினின் கட்டலோனியாவிலிருந்து வந்தவர். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியதால், குடிக்க விரும்பிய அமெரிக்கர்கள் கப்பலேறி ஹவானாவுக்கு வந்தார்கள். அவர்களுக்காக அவர் டைக்கிரியைப் பலவிதமாக மாற்றி, எண்கள் இட்டுப் பரிமாறினார். அவற்றுள் மூன்றாம் எண் வகையில் கிரேப்ஃப்ரூட் சாறும் மராஸ்கினோ மதுவும் சிறிதளவு சேர்ந்தன. சர்க்கரையும் இருந்தது.

சர்க்கரையை நீக்கச் சொன்னவர் எர்னெஸ்ட் ஹெமிங்வே. 1930களில் அதே ஒபிஸ்போ தெருவின் ஆம்போஸ் முண்டோஸ் விடுதியில் தங்கியவர். 1939 முதல் நகருக்கு வெளியே ஃபின்கா விஹியா என்ற வீட்டில் வாழ்ந்தவர். அவர் கேட்டது சர்க்கரை இல்லாமல், ரம் இரு மடங்காக. அதுவே 'பாப்பா தோப்ளே'. அவருடைய நண்பர் ஹாட்ச்னர் 1966-ல் வெளியிட்ட நூலில் தரும் அளவு: இரண்டரை ஜிக்கர் வெள்ளை ரம், இரண்டு எலுமிச்சை, அரை கிரேப்ஃப்ரூட், ஆறு சொட்டு மராஸ்கினோ, எல்லாம் பனிக்கட்டியோடு மிக்சியில் அரைக்கப்பட்டது. கரும்பையே நம்பி வாழ்ந்த நாட்டில், கரும்புச் சர்க்கரைப் பாகிலிருந்து வடித்த மதுவை ஒருவர் சர்க்கரை வேண்டாமென்று கேட்டது ஒரு வேடிக்கை.

அந்த அளவில் செய்து பார்ப்பவர்களுக்குப் புளிப்பு பல்லைக் கூசச் செய்யும். ஆகவே இன்று அவர் பெயரில் பரிமாறப்படுவது அவர் குடித்ததல்ல. உலக மதுக்கூடப் பணியாளர் சங்கம் 'ஹெமிங்வே ஸ்பெஷல்' என்று பட்டியலிட்டிருக்கும் அளவு இது:

வெள்ளை ரம் – 60 மி.லி.
கிரேப்ஃப்ரூட் சாறு – 40 மி.லி.
எலுமிச்சைச் சாறு – 15 மி.லி.
மராஸ்கினோ – 15 மி.லி.

ஆறு சொட்டு 15 மி.லி. ஆகியிருப்பதைக் கவனியுங்கள். அதில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. வெளியே அனுப்பிய சர்க்கரை கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது; கலவை குடிக்கத்தக்கதாகவும் ஆயிற்று.

செய்முறை எளிது. எல்லாவற்றையும் குலுக்குக் குவளையில் பனிக்கட்டி நிறையப் போட்டு, குவளையின் வெளிப்புறம் வேர்க்கும்வரை பதினைந்து விநாடி குலுக்கவும். முன்பே குளிர வைத்த கண்ணாடிக் கோப்பையில் வடிகட்டவும். சாறு அப்போதே பிழிந்ததாக இருக்க வேண்டும். மிக்சியில் அரைத்தால் மராஸ்கினோவைச் சற்றே கூட்டுங்கள். மிகுந்த குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும்.

பொருள்களைப் பற்றிச் சில சொற்கள். கியூபாவின் எலுமிச்சை நம்மூர்ச் சிறு எலுமிச்சையின் இனமே. கடையில் பச்சை நிற லைம் வாங்குங்கள், மஞ்சள் லெமன் வேண்டாம். மராஸ்கினோ என்பது சிவப்பு செர்ரிப் பழங்கள் மிதக்கும் பாகு அல்ல. டால்மேஷியக் கடற்கரையின் மராஸ்கா செர்ரியிலிருந்து வடித்த நிறமற்ற மது அது. கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பார்படோஸ் தீவில் பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றிய பழம். அதன் கசப்புக்குக் காரணம் நரின்ஜின் என்னும் பொருள். அந்தக் கசப்புதான் ரம்மின் இனிய மணத்தையும் எலுமிச்சையின் புளிப்பையும் இணைத்து நிறுத்துகிறது.

ஹாட்ச்னரின் அளவில் ஒரு ஜிக்கரை 45 மி.லி. என்று கொண்டால், ஒரே கோப்பையில் ரம் மட்டும் 112 மி.லி.; ஆல்கஹால் சுமார் 35 கிராம். மேலே தந்த அளவில் சுமார் 23 கிராம். அமெரிக்கக் கணக்கில் ஒரு பானம் என்பது 14 கிராம்தான். சாறு மறைத்துவிடுவதால் இந்த வேறுபாடு நாக்குக்குத் தெரியாது.

அந்த மறைக்கும் குணத்தால் ஒரு மருத்துவக் கண்டுபிடிப்பே நிகழ்ந்தது. கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள லண்டன் நகரில் டேவிட் பெய்லி குழுவினர், ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு ஆல்கஹால் சேர்ந்தால் என்னவாகும் என்று ஆராய்ந்தார்கள். ஆல்கஹாலின் சுவை தெரியாதிருக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது. காரணம் ஆல்கஹால் அல்ல, சாறு! 1989-ல் முதல் முடிவும், 1991-ல் லான்செட் இதழில் விரிவான ஆய்வும் வெளிவந்தன. குடலில் மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியைச் சாறு செயலிழக்கச் செய்கிறது. அந்த விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். ஆகவே மாத்திரை காலையில், கோப்பை மாலையில் என்று பிரித்து வைப்பதும் உதவாது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கான சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. இத்தகைய மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இக்கலவையைத் தொட வேண்டாம். விருந்தினருக்குக் கலந்து கொடுப்பவரும் கிரேப்ஃப்ரூட் இருக்கிறதென்று முதலில் சொல்லிவிட வேண்டும். பம்பளிமாஸைப் பிழிந்து தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். தாய்ப் பழத்துக்கும் அதே குணம் உண்டு.