கல்குளம் அரண்மனையும் ரெண்டு சைக்கிளும்

"மாமா, பத்மநாபபுரம் அரண்மனைக்கு சைக்கிள்லயே போவமா?" என்று அக்கா மகன் கேட்டபோது நான் சும்மா "ம்" கொட்டிவிட்டேன். அவன் பத்தாம் வகுப்பு. பரீட்சை முடிந்து வீட்டில் எல்லார் உயிரையும் எடுத்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலை ஐந்து மணிக்கு வந்து கதவைத் தட்டுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் ஆறு மாதமாக தூங்கிக்கொண்டிருந்தது. காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கிளம்பும்போது ஐந்தே முக்கால். அன்றைக்கு ஆரம்பித்த கிறுக்கு, அந்த ஒரு மாதத்தில் மூணு ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டது. கால் வலி போய்விட்டது, மனசில் ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல் வழி: வடசேரி - உதயகிரி - குமாரகோவில் - அரண்மனை

நாகர்கோவில் வடசேரியிலிருந்து தக்கலை பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். பார்வதிபுரம், தோட்டியோடு, வில்லுக்குறி, புலியூர்க்குறிச்சி. எல்லாம் பழைய 47-ஆம் எண் நெடுஞ்சாலை, இப்போ 66. லாரிகள் பயமுறுத்தும். அதனால் விடிவதற்குள் தாண்டிவிடுவது நல்லது. வில்லுக்குறி தாண்டியதும் வலப்பக்கம் வேளிமலை பச்சையாக கூடவே வரும். அதைப் பார்த்துக்கொண்டே மிதித்தால் மேடு தெரியாது. (தெரியும். சும்மா சொன்னேன் :-))

புலியூர்க்குறிச்சியில் ரோட்டை ஒட்டியே உதயகிரிக் கோட்டை. ஒரு குன்றைச் சுற்றி சுமார் 90 ஏக்கருக்குக் கருங்கல் மதில். இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729 - 1758) இதைப் புதுப்பித்துக் கட்டினார். கட்டுவித்தவர் அவரிடம் தோற்றுப்போன ஒருவர் என்பதுதான் சுவாரஸ்யம். 1741-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படை திருவிதாங்கூரிடம் தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டிலனாய். மன்னர் அவரைச் சிறையில் போட்டு மறக்காமல், தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். ஐரோப்பிய முறையில் அணிவகுப்பு, துப்பாக்கி, பீரங்கி வார்ப்பு. இந்தக் கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்த்தார்கள். அவர் 'வலிய கப்பித்தான்' ஆகி, முப்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்து 1777-இல் செத்துப்போனார். கூரையில்லாத சின்னத் தேவாலயத்துக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்து இருக்கும். ஐரோப்பாவில் பிறந்த ஆளுக்குத் தக்கலைப் பக்கத்தில் தமிழில் கல்லறை எழுத்து! மருமகன் அரைமணி நேரம் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான்.

அதே புலியூர்க்குறிச்சியில்தான் முட்டிடிச்சான் பாறை. அரண்மனை அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, டிலனாயோடு ஏற்பட்ட பழக்கத்தில் 1745-இல் கிறிஸ்தவரானார். தேவசகாயம் பிள்ளை. தண்டிக்கப்பட்டு ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டபோது, தாகத்தில் அவர் முட்டியால் இடித்த பாறையில் தண்ணீர் வந்தது என்பது ஜனங்களின் நம்பிக்கை. 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஒரே மன்னர், ஒரே ஊர். ஒருவருக்குப் பதவி, ஒருவருக்குக் குண்டு. சைக்கிளில் ரெண்டுக்கும் நடுவே சில நிமிஷம்தான்.

அங்கிருந்து குமாரகோவில் போகும் கிளைச்சாலைதான் முதல் வழியிலேயே அழகான துண்டு. ரெண்டு பக்கமும் வயல், தென்னை, வாழை, குளம். வேளிமலை அடிவாரத்தில் முருகன். வள்ளியை இங்கேதான் கட்டினான் என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். கோவில் முன்னால் ஒரு சாயா, ரெண்டு ரசவடை. திரும்பவும் மெயின் ரோடு பிடித்துத் தக்கலை. அங்கிருந்து குலசேகரம் ரோட்டில் திரும்பினால் ரெண்டு கிலோமீட்டரில் கோட்டை மதில்.

அரண்மனைக்குள்ளே

ஊர்க்கோட்டை மொத்தம் 186 ஏக்கர். அதற்குள்ளே அரண்மனை ஆறரை ஏக்கர். ஊர்ப்பெயர் முன்னே கல்குளம். தாலுகாவுக்கு இப்போதும் அந்தப் பெயர்தான். 1601 வாக்கில் இரவி வர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் அரண்மனை உருவானது என்பார்கள். தாய்க்கொட்டாரம் அதற்கும் பழையது. இன்று நாம் பார்க்கும் வடிவம் பெரும்பாலும் மார்த்தாண்ட வர்மாவின் வேலை. 1750 ஜனவரியில் அவர் தன் நாட்டையே ஸ்ரீபத்மநாபனுக்கு எழுதிவைத்து, தான் 'பத்மநாப தாசன்' ஆனார். திருப்படிதானம் என்பது அதுதான். அதற்கப்புறம் ஊரும் பத்மநாபபுரம். 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. பெரிய ஆட்கள் போய்விட்டதால்தான் அரண்மனை இடிபடாமல், மாற்றிக் கட்டப்படாமல் பிழைத்தது என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு விசித்திரம் தெரியாதவர்களுக்கு: 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு (அப்போ மதராஸ் மாநிலம்) சேர்ந்தன. அரண்மனை நிர்வாகம் மட்டும் கேரளத்திடமே இருந்துவிட்டது. சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் கேரள தொல்லியல் துறை. டிக்கெட் கிழிப்பவர் மலையாளம், வெளியே நுங்கு விற்கிறவர் தமிழ். திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள்.

பூமுகத்தின் மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. சீனர்கள் கொடுத்ததாகச் சொல்லும் நாற்காலி. மேலே மந்திரசாலை, வண்ண மைக்கா பதித்த ஜன்னல்கள். வெளியே கொதிக்கிற வெயில் உள்ளே பச்சையும் சிவப்புமாகக் குளிர்ந்து விழும். முகம் தெரிகிற கறுப்புத் தரை: சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு என்று ஒரு பட்டியல் சொல்கிறார்கள். நாலு மாடி உப்பரிகை மாளிகையின் உச்சி அறை கடவுளுக்கு. நவராத்திரி சமயம் இங்கிருந்துதான் சரஸ்வதி அம்மனும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு இப்போதும் நடக்கிறது.

அடுத்து ஊட்டுப்புரை. மேலும் கீழுமாக நீளமான ரெண்டு கூடம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். தினமும் இலவசச் சாப்பாடு என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். ஊறுகாய்ப் பானைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் திரும்பி, "மாமா, நம்ம ஆளுவளுக்கும் போட்டாங்களா?" என்றான்.

சத்தமாகக் கேட்டுவிட்டான். வழிகாட்டி அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

பாட்டி உள்ளே வரவில்லை

இல்லை மக்கா, போடவில்லை. திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகள் பெரும்பாலும் பிராமணர்களுக்கானவை. நம்ம ஆட்கள் பனையேறிகள். கோவில் பக்கத்துத் தெருக்களில் நடக்கவே முடியாதவர்கள். இதை நான் புத்தகத்தில் படித்ததற்கு முன்னாலேயே பாட்டியிடம் தெரிந்துகொண்டேன்.

நான் ஏழாவது படிக்கும்போது அப்பா எங்கள் எல்லாரையும் பஸ்ஸில் இந்த அரண்மனைக்குக் கூட்டிவந்தார். பாட்டி வாசல் வரைக்கும் வந்தாள். பிறகு எதிரில் இருந்த திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போய்ப் பாத்திட்டு வாருங்கோ. எனக்குக் கால் கடுக்குவு" என்றாள். காலெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முந்தின வாரம் ஒரு சுமை விறகு சுமந்து வந்தவள். திரும்பும்போது அப்பா கொஞ்சம் கோபமாகவே கேட்டார், "டிக்கெட்டு எடுத்த பிறகு இப்படிச் செய்தியே அம்மா?" பாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எனக்க கொள்ளுப்பாட்டிக்குச் சந்தையில வச்சு குப்பாயத்தைக் கிழிச்சாங்க. அந்த ராஜாவுக்க வீட்டுல எனக்கு என்ன சோலி?"

குப்பாயம் என்றால் மேல்சட்டை. 1858, 59 வாக்கில் இந்தப் பக்கமெல்லாம் தோள்சீலைக் கலவரம். மேலாடை போட்ட சாணார் பெண்களைச் சந்தைகளில் மறித்துத் துணியைக் கிழித்தார்கள். 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா மேலே துணி போட்டுக்கொள்ள அனுமதித்து அறிவிப்பு விட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு வால் இருந்தது. கூலியில்லாத 'ஊழியம்' என்ற கட்டாய வேலை வேறு. கோவில் நுழைவு அறிவிப்பு 1936 நவம்பர் 12-இல் வந்தபோது பாட்டிக்குப் பன்னிரண்டு வயசு. குமாரகோவிலுக்குள் முதல் தடவை போனதைப் பற்றி நிறையச் சொல்வாள். அரண்மனைக்குள் மட்டும் கடைசி வரைக்கும் போகவில்லை.

மருமகனிடம் இதைக் கோட்டை மதிலோரம் சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னேன். அந்த மதிலைச் சுற்றி வருவது சுமார் நாலு கிலோமீட்டர். சில இடத்தில் வீடுகள் முளைத்து வழி மறிக்கும், சந்து வழியாகப் புகுந்து வரணும். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா அந்தப் பூ செதுக்கினது ராஜா இல்லல்லா மாமா?" என்றான்.

எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றாத விஷயம். தொண்ணூறு பூவும் ஏதோ ஆசாரிமார் கை. தரை இழைத்தது கொத்தனார் கை. மதிலுக்குக் கல் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பாட்டிக்கு அங்கே சோலி இல்லாமல் இருக்கலாம், உறவு இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காகப் பாட்டி சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ரெண்டாம் வழி: இரணியல் - குளச்சல் - கடற்கரை

அடுத்த ஞாயிறு தக்கலையிலிருந்து தெற்கே. இரணியல், வேணாட்டு அரசர்களின் பழைய இருப்பிடம். பத்மநாபபுரம் பளபளக்கிறது, இரணியல் அரண்மனை கூரை விழுந்து, மரம் முளைத்து வெகுகாலம் கிடந்தது. பிறகுதான் தமிழக அரசு சீரமைப்பைக் கையில் எடுத்தது. ரெண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் பராமரிப்பு என்றால் என்னவென்று புரியும்.

திங்கள்சந்தை தாண்டி ரோடு இறங்கி இறங்கிக் குளச்சல் போகும். மிதிக்கவே வேண்டாம். 1741 வெற்றிக்கு அங்கே ஒரு தூண் இருக்கிறது. கல்வெட்டில் மன்னர் பெயர் உண்டு. கடலோர முக்குவர்களும் டச்சுக்காரர்களுக்கு எதிராக நின்றார்கள் என்பது இந்தக் கரையில் வாய்வழியாக வருகிற கதை. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரைத்தான் மோசமாக அடித்தது. அந்தத் தூணைவிட, செத்தவர்களைப் புதைத்த இடத்தில்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம்.

திரும்பும்போது மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி வழி. கறுப்பு மணல். 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அப்புறம் அம்மாண்டிவிளை வழியாக வடசேரி. எதிர்க்காற்று கொன்றுவிடும். தண்ணீர் ரெண்டு பாட்டில் வேண்டும்.

மூணாம் வழி: திருவட்டாறு - மாத்தூர்

தக்கலை, அழகியமண்டபம், வேர்க்கிளம்பி, திருவட்டாறு. ஏற்ற இறக்கம், ரப்பர் தோட்டம், மரச்சீனி விளை. ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறார். 2022 ஜூலையில் 418 வருஷம் கழித்துக் கும்பாபிஷேகம் நடந்தது. அங்கிருந்து மூணு கிலோமீட்டரில் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குச் சானல் தண்ணீர் போகிறது. காமராஜர் காலத்துத் திட்டம், 1966-இல் முடிந்தது. கல்குளம், விளவங்கோடு பக்கம் காய்ந்து கிடந்த வயல்களுக்காகக் கட்டியது.

பாலத்து நடுவில் நின்று கீழே ஆற்றைப் பார்த்தோம். பக்கத்தில் தொட்டிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மருமகன் கேட்டான், "இது யாருக்கு மாமா?"

"எல்லாருக்கும்" என்றேன். சொல்ல எவ்வளவு லேசாக இருந்தது!

கீழே இறங்கி நுங்கு சாப்பிட்டோம். அவன் பின் டயர் பஞ்சர். திருவட்டாறு வரைக்கும் மூணு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு வந்தோம். பாட்டி இருந்திருந்தால் இந்தப் பாலத்துக்குக் கூட்டிவந்திருக்கலாம். இங்கே வாசலில் உட்கார்ந்திருக்கமாட்டாள்.

நீங்கள் போவதாக இருந்தால் கார்த்திகை தாண்டி, மாசிக்குள் போங்கள். பஞ்சர் ஒட்டும் சாமானை மறக்காதீர்கள். ஊட்டுப்புரைக்குள் போகும்போது பக்கத்தில் ஒரு சின்னப் பையன் இருந்தால் நல்லது.