டேகல் சிறையும் நார்ட்டன் முகாமும்

1943 ஜூலை கடைசி வாரத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் ஹாம்பர்க் நகரத்தை இரவிரவாக எரித்தன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் எடுபிடி வேலைக்குச் சேர்க்கப்பட்டிருந்த பள்ளி மாணவன் யூர்கன் மோல்ட்மனுக்கு அப்போது 17 வயது. பக்கத்தில் நின்ற நண்பன் குண்டில் சிதறிப்போனான், மோல்ட்மன் பிழைத்துக்கொண்டார். அதே நாட்களில் பெர்லினின் டேகல் ராணுவச் சிறையில், 37 வயதான லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் விசாரணைக் கைதியாக நான்காவது மாதத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதியவர்களில் இந்த இருவரையும் தவிர்த்துப் பேச முடியாது. மறுமையைக் காட்டி இம்மையின் கண்ணீரைத் துடைக்கும் மலிவான ஆறுதலை இருவருமே ஏற்கவில்லை. ஆனால் நம்பிக்கை மனிதனுக்கு எதைக் கொடுக்கிறது என்று கேட்டால் பாதை பிரிகிறது. போன்ஹோஃபரிடம் நாம் காண்பது பொறுமை. மோல்ட்மனோ, நம்பிக்கை வந்த இடத்தில் பொறுமைக்கு வேலையே இல்லை என்கிறார்.

முதலில் போன்ஹோஃபர். சீக்கிரம் விடுதலை கிடைக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். நாள் தள்ளிக்கொண்டே போனது. கைதாவதற்கு மூன்று மாதம் முன்புதான் மரியா ஃபான் வெடமையரோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவளுக்கு எழுதிய கடிதமொன்றில் எரேமியா தீர்க்கதரிசியை நினைவூட்டுகிறார். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கும்போது, நாளை யார் கைக்குப் போகுமோ தெரியாத ஒரு நிலத்தை எரேமியா 17 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்து வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்துகிறார். சிறைக்குள்ளிருந்து கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதும் அப்படிப்பட்ட காரியம்தான் என்பது போன்ஹோஃபரின் எண்ணம். இந்த மண்ணும் இந்த வாழ்வும் ஆண்டவருக்கு வேண்டியவை என்று அவர் நம்பினார். பரலோகத்தைப் பற்றி அவர் அதிகம் பேசாததன் காரணமும் அதுவே.

1944 ஜனவரியில் ஓர் இரவு சிறைமேல் குண்டுவீச்சு. எல்லோரும் தரையில் படுத்திருக்கிறார்கள். சாதாரணமாகக் கேலியும் கிண்டலுமாகத் திரிகிற ஒருவன் கடவுளைக் கூப்பிட்டு அலறுகிறான். போதகர் என்ன செய்திருக்க வேண்டும்? ஜெபித்திருக்கலாம், வசனம் சொல்லியிருக்கலாம். போன்ஹோஃபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல் போகாது என்றார். அவ்வளவுதான். பயந்து கிடப்பவனிடம் மதத்தைத் திணிக்க அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய இறையியல் நூல்களைவிட இந்தப் பத்து நிமிஷம் எனக்கு அதிகம் சொல்கிறது. பொறுமை என்ற பெயரில் அவர் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. தன்னோடு கிடந்தவனுக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவில் ஒரு கால வரம்பைச் சொன்னார்.

அந்தப் பொறுமை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பொறுமையும் அல்ல. அவர் சிறைக்குப் போனதே ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கெடுத்த வட்டத்தோடு இருந்த தொடர்பால்தான். 1944 இலையுதிர் காலத்தில் ஒரு காவலரின் துணையோடு தப்பிக்க ஏற்பாடு நடந்தது. அதற்குள் அண்ணன் கிளவுஸ் கைதாகவே, குடும்பத்துக்கு ஆபத்து வரும் என்று அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

மோல்ட்மன் வந்த வழியே வேறு. மதத்தில் அக்கறையில்லாத குடும்பம். போர்முனைக்குப் போகும்போது மூட்டையில் கெதேயின் கவிதைகள் இருந்தன, வேதாகமம் இல்லை. 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்தார். போர்க்கைதி முகாமில் ஒரு ராணுவப் போதகர் கொடுத்த வேதாகமத்தில் 39ஆம் சங்கீதத்தையும் மாற்கு சுவிசேஷத்தையும் வாசித்தார். கைவிடப்பட்டவராகச் சிலுவையில் கதறிய இயேசுவிடம், கடவுள் எங்கே என்று ஹாம்பர்க்கில் தான் கேட்ட கேள்வியே இருப்பதைக் கண்டார். ஸ்காட்லாந்தில் பெல்சன், புக்கன்வால்ட் வதைமுகாம்களின் படங்களைப் பார்த்தபோது, தன் நாடு செய்தது தெரியவந்தது. ஆனால் அந்த ஊர் மக்கள் கைதிகளைப் பழித்துப் பேசாமல் அன்பாக நடத்தினார்கள். பின்னர் இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம்ஷயரின் நார்ட்டன் முகாமில் இறையியல் படித்தார். ஊர் திரும்பியது 1948இல்.

1964இல் வெளிவந்த ‘நம்பிக்கையின் இறையியல்’ நூலில் அவர் சொன்னது திருச்சபையைக் கொஞ்சம் உலுக்கியது. உயிர்த்தெழுதல் என்பது மரணத்துக்கு எதிராகக் கடவுள் எழுப்பிய ஆட்சேபம். அதை நம்புகிறவன் உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள்ள மாட்டான், அவனுக்கு அமைதி கெடும், பொறுமை போகும் என்றார். இதற்கான உந்துதலில் ஒரு பகுதி எர்ன்ஸ்ட் பிளோக் என்ற நாத்திக மார்க்சியரிடமிருந்து வந்தது என்பது நம் பிரசங்கிகள் பலருக்குக் கசக்கும். அநியாயம் அனுபவிக்கிறவர்களிடமே பிரசங்க மேடை எப்போதும் பொறுமையைக் கேட்கிறது. அநியாயம் செய்கிறவர்களிடம் கேட்பதைக் காணோம். இந்த வழக்கத்துக்கு மோல்ட்மனின் நூல் சரியான மறுப்பு.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அது பிழைத்து வந்தவர் எழுதிய புத்தகம். மூன்று வருஷம் கம்பிவேலிக்குள் காத்திருந்து கற்றதை, காத்திருப்பு முடிந்த பின் சாவகாசமாகச் சிந்தித்து எழுதினார். போன்ஹோஃபருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. அதனால் அவருடைய பொறுமையை மோல்ட்மனின் வாதத்தால் தள்ளிவிட முடியாது. தன் துன்பத்தைத் தாங்குவதில் போன்ஹோஃபர் வழிகாட்டி; பிறர் துன்பத்தைச் சகித்துக்கொள்ளாதிருப்பதில் மோல்ட்மன். இருவரையும் இடம் மாற்றி வைத்தால் இருவருமே கெட்டுப்போவார்கள்.

ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமில் 1945 ஏப்ரல் 9ஆம் தேதி போன்ஹோஃபர் தூக்கிலிடப்பட்டார். இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது. மோல்ட்மன் 2024 ஜூன் 3ஆம் தேதி டூபிங்கனில் தமது 98ஆம் வயதில் காலமானார். இவர்களைப் படிக்க விரும்புகிறவர்கள் 1964 நூலில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் டேகல் சிறைக் கடிதங்களை வாசியுங்கள்.