தையல் கப்பல்கள்: கடல் தாங்கும் திறன்

பலகைகளை ஆணி அறையாமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய பாய்மரக் கப்பல்கள் மேற்கு இந்தியப் பெருங்கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடின. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் ‘எரித்திரேயக் கடல் பெரிப்ளஸ்’ என்னும் கடல்வழி நூல் இத்தகைய கலங்களைக் குறிப்பிடுகிறது. கடலிலுள்ள காந்தப் பாறை இரும்பை இழுத்துவிடும் என்பதாலேயே ஆணி தவிர்க்கப்பட்டது என்ற கதையை 6ஆம் நூற்றாண்டிலேயே வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் மறுத்தார்.

இடைக்காலச் சான்றுகளே விரிவானவை. அவை ஒன்றோடொன்று முரண்படுவதாகவும் தோன்றும். பாரசீக வளைகுடாவின் ஓர்முஸ் துறையிலுள்ள தைத்த கப்பல்கள் மிக மோசமானவை, பல மூழ்குகின்றன என்றார் மார்கோ போலோ. ஒரே பாய்மரம், ஒரே சுக்கான், மேல்தளம் இல்லை என்று குறைகளை அடுக்கினார். 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதாவோ, பாறையில் மோதினால் ஆணிக்கலம் உடையும், தைத்த கலம் நெகிழ்ந்து கொடுக்கும் என்றார். இருவரும் சொல்வது வெவ்வேறு ஆபத்துகளை. அலையடிக்கும் கரையில் நெகிழ்வு உயிர் காத்தது: துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் சுமந்தவை தைத்த மசூலாப் படகுகளே. ஆழ்கடலில் அதே நெகிழ்வு கசிவாக மாறியது. இடையறாமல் நீர் இறைக்கவும், நைந்த கயிற்றை மாற்றித் தைக்கவும் ஆள் வேண்டும். ஆகவே பாதுகாப்பைத் தீர்மானித்தது தையல் மட்டுமன்று. பராமரிப்பும் பருவக்காற்றும் சுமையளவும் சேர்ந்தே. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கடலின் ஐதாப் துறையைக் கண்ட இப்னு ஜுபைர் இதற்கு நல்ல சாட்சி. நாரைத் தட்டித் திரிப்பதையும், மரத்துக்குப் பூசும் நெய்களில் சுறா எண்ணெயே சிறந்தது என்பதையும் அவர் பொறுமையாகப் பதிவுசெய்கிறார். ஆனால் கடுமையாகக் கண்டிப்பது, ஒரே பயணத்தில் கப்பலின் விலையை எடுத்துவிட யாத்திரிகர்களை அடைத்து ஏற்றிய உரிமையாளர்களை.

நல்ல கலமாயின் ஆணி ஏன் வென்றது என்று கேட்கலாம். பீரங்கி அதிர்வைத் தையல் தாங்காது என்பது ஒரு விளக்கம். பீரங்கிகளோடு போர்த்துக்கீசியர் வருமுன்பே மாற்றம் தொடங்கியதாகக் கருதுவோரும் உள்ளனர். இரண்டும் ஓரளவு பொருந்தலாம். தையல் கலத்தின் திறனுக்கோ நேரடிச் சான்றே உண்டு. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுத் தையல் கப்பல், சுமார் 60,000 சீனப் பொருள்களுடன் மூழ்கியிருந்தது. இவ்வகைக் கலம் அவ்வளவு தொலைவு பாரம் சுமந்ததற்கும் மூழ்கியதற்கும் அதுவே சான்று.

பழைய முறையில் நம் காலத்தில் தைத்துக் கட்டிய கப்பல்களும் உண்டு. 1980–81இல் ‘சோஹார்’ ஓமானிலிருந்து கான்டன் வரையும், 2010இல் ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ ஓமானிலிருந்து சிங்கப்பூர் வரையும் சென்றன. 2025இல் இந்தியக் கடற்படை ‘கௌண்டின்யா’ என்ற தைத்த கப்பலைச் சேர்த்துக்கொண்டது. தைத்த கலத்தில் நெடுந்தொலைவு செல்ல இயலும் என்பதை இப்பயணங்கள் காட்டுகின்றன. ஆனால் தேர்ந்த கைகளால் கட்டி, அளவாக ஏற்றி, வானிலை அறிந்து செலுத்திய கலங்களை வைத்து, ஐதாப்பில் நெரிந்து ஏறியவர்களின் ஆபத்தை அளக்க இயலாது.