ரேகைப் பதிவேடும் வருகைப் பதிவேடும்

கூடலூரில் தொடங்கி கம்பம், உத்தமபாளையம், தேனி வழியாகக் கணவாய் தாண்டி உசிலம்பட்டி வரை நீளும் நிலப்பரப்பில் 'அரசு கள்ளர் பள்ளி' என்ற பெயர்ப்பலகைகளைப் பல இடங்களில் காணலாம். ஒரு அரசுப் பள்ளிக்கு ஏன் சாதிப் பெயர் என்று வெளியூர்க்காரர் புருவம் உயர்த்துவார். மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்றும் ஒரே மதுரை மாவட்டமாக இருந்த காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் மிச்சம் இவை. இன்றும் முந்நூறை ஒட்டிய எண்ணிக்கையில் மதுரையிலிருந்தே நிர்வகிக்கப்படுகின்றன. வாத்தியாருக்கும் பிள்ளைக்கும் நல்லுறவு எப்படி உண்டாகிறது என்று கேட்டால் அன்பு, பொறுமை, கனிவு என்று வாத்தியாரின் குணத்தையே பட்டியலிடுவது நம் வழக்கம். குணம் வேண்டும்தான். ஆனால் அந்த வாத்தியார் எங்கே நிற்கிறார், ஊருக்குள்ளா ஊருக்கு எதிரிலா என்பதுதான் முதல் கேள்வி என்று இந்தப் பள்ளிகளின் வரலாறு எனக்குச் சொல்கிறது.

1911-ம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1914 முதல் இந்த வட்டாரத்துக் கள்ளர்களான பிரமலைக் கள்ளரின் ஊர்களில் படிப்படியாகப் பாய்ந்தது. சனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். பெயர் பதிவானவர் பத்து விரலையும் உருட்டிக் கொடுக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ல் ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்படப் பலர் மாண்டார்கள். சீரமைப்புத் திட்டமும் பள்ளிகளும் வேகம் பிடித்தது இதன் பின்புதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் வாசகத்திலேயே, குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் சேர்க்க அரசுக்கு அதிகாரம் இருந்தது. ராத்திரி சாவடியில் தகப்பன் பெயர் கூப்பிடப்படுகிறது. காலையில் பள்ளியில் மகன் பெயர் கூப்பிடப்படுகிறது. இரண்டு பேரேட்டுக்கும் எசமான் ஒருவரே. 'உள்ளேன் ஐயா' என்று அந்தப் பிள்ளை சொன்னபோது அதில் மரியாதை எவ்வளவு, பயம் எவ்வளவு? எவ்வளவு கனிவான வாத்தியாரும் இந்தச் சந்தேகத்தைச் சிரித்த முகத்தால் மட்டும் தீர்த்திருக்க முடியாது.

அதற்கு முந்தைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் நிலை வேறு. 1822-ல் கவர்னர் தாமஸ் மன்றோ கேட்ட கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பிள்ளைக்கு மாதம் நாலணா முதல் எட்டணா வரை சம்பளம். வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறாது என்று 1826-ல் அவரே எழுதினார். மிச்சத்தை ஊர்தான் பார்த்துக்கொண்டது. அமாவாசை, பௌர்ணமி என்ற வாவு நாளில் பிள்ளைகள் அரிசியோ காசோ கொண்டுவந்து தருவார்கள். நவராத்திரியில் மானம்பூப் பாட்டோடு வீடு வீடாகப் போய் வாத்தியாருக்கு வசூலித்து வருவார்கள். அடியும் குறைவில்லை. கோதண்டத்தில் தொங்கவிட்டதும் சட்டாம்பிள்ளையின் அட்டகாசமும் பழங்கதை அல்ல, பதிவான சங்கதி. 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க' என்று பெற்றவரே ஒப்படைத்த காலம். ஆனாலும் அடிக்கும் கை அந்த வீட்டு நெல்லைத் தின்ற கை. எல்லை மீறினால் மறுமாதம் திண்ணை காலியாகிவிடும். அந்த உறவை நான் கொண்டாடவில்லை. மன்றோவின் அந்தக் கணக்கில் பெண்பிள்ளைகள் வெறும் 4,540. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. ஊருக்குள் நின்ற வாத்தியார், ஊரின் வேலிக்குள்ளும்தான் நின்றார்.

கள்ளர் பள்ளிகளில் சந்தேகம் கரைந்ததற்குக் காரணங்கள் அமைப்பிலேயே இருக்கின்றன. 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. ரேகைப் பேரேடு மூடப்பட்டது, வருகைப் பேரேடு மட்டும் நின்றது. விடுதிகள் வந்ததால் சோறும் படிப்பும் ஒரே இடத்தில் கிடைத்தன. ஆசிரியர் நியமனத்தில் பிரமலைக் கள்ளர் வகுப்பினருக்கு முன்னுரிமை தரப்பட்டதால், பலகைக்கு முன் நின்றவர் பிள்ளையின் தகப்பன் பட்ட பாட்டைத் தன் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவராக இருக்க வாய்ப்பு வந்தது. இதெல்லாம் கட்டுப்படுத்தக் கட்டிய கூடம்தானே என்று ஒருவர் சொல்லலாம். நோக்கம் அதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2023 மார்ச்சில் இவை உட்பட வேறு துறைகள் நடத்தும் பள்ளிகள் எல்லாம் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, எதிர்ப்புக் குரல் எழுந்தது இந்தச் சமூகத்திடமிருந்தே. வெறுத்த சட்டத்தின் வயிற்றில் பிறந்த பள்ளியை 'எங்க பள்ளிக்கூடம்' என்கிறார்கள். இதில் அரசியலும் உண்டு, அடையாளப் பெருமையும் உண்டு. ஆயினும் பயம் மட்டுமே மிஞ்சியிருந்தால் பலகையைக் கழற்ற முதல் ஆளாக வந்திருப்பார்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. நாங்குநேரியில் 2023-ல் தாழ்த்தப்பட்ட மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வெட்டிய பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றது. வட்டாரத்தில் ஆதிக்கமுள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராக்கக் கூடாது என்ற கருத்தையும் 2024-ல் தந்த அறிக்கையில் வைத்தது. சொந்தச் சாதி வாத்தியாரால் வரும் நெருக்கம் வகுப்பின் மறுமூலையில் உட்கார்ந்திருக்கும் வேறு சாதிப் பிள்ளைக்கு விலக்கமாகுமே என்ற கவலை நியாயமானது. திண்ணையின் பிழை அதுவேதான். ஆனால் ஊரை அறிவது வேறு, சாதிக்குள் நிற்பது வேறு. முதலாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் ஒழித்தால், எழுபது கிலோமீட்டர் தாண்டி பஸ்ஸில் வந்து நாலரை மணிக்கு ஓடும் வாத்தியார்தான் கிடைப்பார். எல்லாப் பிள்ளைக்கும் சமமாக அந்நியர்.

கூடலூர் பக்கம் இது ஏட்டுக் கேள்வி அல்ல. விடியுமுன் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகின்றன. தாயும் தகப்பனும் ஜீப் ஏறிய வீட்டில் பிள்ளை தானே எழுந்து, தானே கிளம்பி வருகிறது. அது பத்து நிமிடம் தாமதமாக வந்தால், எந்தச் சாதி வாத்தியாராக இருந்தாலும், வாசலில் நிறுத்துவதா உள்ளே விடுவதா என்பது ஜீப் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அவருக்குத் தெரியுமா என்பதைப் பொறுத்தது.