பித்தும் விலங்கும்

'பித்தன்' என்று வைத சொல்லையே முதலாக வைத்துப் பாடுமாறு சுந்தரரை இறைவன் பணித்தான் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. பாட்டில் ஏற்றம் பெற்ற பித்து, நாட்டில் எவ்வாறு நடத்தப்பட்டது? பத்தாண்டு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில் இவ்வினாவை எழுப்புதல் பொருந்தும். சொல்லை ஆள்வோர் நாம் அல்லமோ?

என் இளமையில், எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில், காலில் சங்கிலியோடு ஒருவர் இருந்தார். சிறுவர் நாங்கள் அவரைப் 'பைத்தியம்' என்றே அழைத்தோம். அவர் இறந்த பின்னரே அவர் பெயரை அறிந்தேன். அச்சங்கிலியின் வரலாறு நெடியது.

நம் மண் பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்தது. எனினும் அவ்வரலாறு அண்டையிலுள்ள சென்னையில் தெளிவாகப் புலப்படுகிறது. 1794இல் வாலண்டைன் கொனோலி என்னும் அறுவை மருத்துவர் அங்கு மனநோயாளர்க்கென ஒரு விடுதி தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசுக் காப்பகம் எழுந்தது. காத்தல் என்பது அந்நாளில் பெரும்பாலும் மதிலுக்குள் அடைத்தலே. பித்தர் என்று பொருள்படும் சொல்லால் நோயாளரைச் சுட்டிய 1912ஆம் ஆண்டுச் சட்டம், நாடு விடுதலை பெற்ற பின்னும் நீடித்தது. 1987இல் இயற்றப்பெற்ற மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்த பின்னரே அது நீங்கிற்று.

இடையில் மாற்றத்தின் விதைகளும் ஊன்றப்பெற்றன. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரெனப் போற்றப்படும் சாரதா மேனன், கீழ்ப்பாக்க மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றுப் பணியாற்றினார். பின் 1984இல் மனச்சிதைவு நோய்க்கென ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைச் சென்னையில் தோற்றுவித்தார். மருந்தோடு மறுவாழ்வும் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1982இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டமும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை சிகிச்சை செல்லவேண்டும் என்றது.

திட்டம் ஏட்டில் இருக்க, சங்கிலி காலிலேயே இருந்தது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியது. கட்டப்பட்டுக் கிடந்தோர் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாய்ந்தன. நாடே தலைகுனிந்த நாள் அது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளரைச் சங்கிலியால் பிணித்தலை எவ்வகையிலும் கூடாதெனத் தடுத்தது, சிகிச்சையை உரிமையாக்கியது. 2022 முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் கிடைக்கிறது.

இனி வேண்டுவது யாது? பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரார் ஒரு நாள் கூலியை இழக்காமல் அருகிலேயே மருந்து பெறவேண்டும். நோயை மறைக்காமல் வீட்டார் வாய்திறக்கவேண்டும். முன்னது அரசின் கடன். பின்னதில் கவிஞர்க்கும் பங்குண்டு. சட்டம் இரும்பை அகற்றலாம். சொல்லால் இட்ட விலங்கைச் சொல்லை ஆள்வோரே அகற்றவேண்டும்.