கட்-ஆஃப் மதிப்பெண்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்காகப் பிளஸ் டூ மதிப்பெண்களிலிருந்து 200-க்குக் கணக்கிடப்படும் தகுதி மதிப்பெண். தொழிற்கல்விச் சேர்க்கைக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கியபின், தரவரிசை முழுக்க இதையே சார்ந்துள்ளது.

கணிதம் 100-க்கு முழுமையாகவும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்குப் பாதியாகவும் சேரும். கணிதத்தில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 90 பெற்றவருக்கு 92 + 43 + 45 = 180. மொழிப் பாடங்களில் தேர்ச்சி பெற்றால் போதும். அவற்றின் மதிப்பெண் இதில் சேராது. ஆக, கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் கட்-ஆஃபை ஒன்று உயர்த்தும், இயற்பியலில் கூடுவது அரைதான். படிக்கும் நேரத்தைப் பங்கிடும் மாணவர் முதலில் அறிய வேண்டியது இதுவே. சமநிலை ஏற்பட்டாலும் முதலில் கணித மதிப்பெண்ணே பார்க்கப்படுகிறது.

செய்முறையுள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. கடைசி இரண்டையும் பள்ளி நாட்களிலேயே ஈட்டிவிடலாம். வருகைப்பதிவு, ஒப்படைப்பு ஆகியவற்றை அலட்சியப்படுத்துவது வீண் இழப்பு.

முடிவு வந்தபின் விடைத்தாள் நகல் பெற்று, மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கோரலாம். கூட்டல் பிழைக்கு முன்னது. விடை திருத்தப்பட்ட விதத்தில் ஐயமிருந்தால் பின்னது. மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும் என்பதால், நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டிய பிறகே விண்ணப்பிப்பது நல்லது.