லக்குக்குள் ஒளிந்த பழுது

வயர் கருகினால் எலெக்ட்ரீஷியனின் கையைக் குறை சொல்வது நம் வழக்கம். சென்னை மேற்கு மாம்பலத்து வீடுகளுக்குள் மின்கம்பி வந்த கதையைப் பார்த்தால், கை கெட்டதைவிடப் பழுது கண்ணுக்கு மறைந்ததே பெரிய மாற்றமாகத் தெரிகிறது. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் மாம்பலம் வழியே ஓடத் தொடங்கிய காலத்தில் வீட்டு வயரிங் என்றால் மரச் சட்டத்தின்மேல் கிளிப் அடித்து ஓட்டிய செம்புக் கம்பி. இரண்டு முனைகளை முறுக்கி ஈயம் பற்றவைத்தார்கள். சூடு சரியாக ஏறியிருந்தால் ஈயம் வழுவழுப்பாகக் கம்பியோடு ஓடிப் படியும். போதாவிட்டால் மங்கி, உருண்டு நிற்கும். டேப் சுற்றுமுன் மேஸ்திரி ஒரு பார்வையில் தள்ளிவிடலாம்.

சுதந்திரத்துக்குப் பின் செம்பு பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. அலுமினியமோ உள்நாட்டிலேயே கிடைத்தது. 1960-களில் மேட்டூரில் மால்கோ ஆலையும் உற்பத்தியில் இறங்கியது. வீட்டு வயரும் தெருக் கேபிளும் அலுமினியமாயின. அதில் சாதாரண ஈயம் ஒட்டாது. காற்றுப் பட்டதும் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் மூடிவிடும். திருகில் இறுக்கினாலும் அழுத்தத்தில் நாளடைவில் நெகிழும். சூட்டில் செம்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். மிஞ்சிய வழி, குழல்போன்ற லக்கில் கம்பியைச் செருகி நசுக்குவது, அதாவது கிரிம்ப். அமெரிக்காவில் 1941-ல் தொடங்கிய ஏ.எம்.பி. நிறுவனம் போர்க்கால விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் பெருமளவில் செய்துகொடுத்த முறைதான் இது. அளவான லக், அதற்குரிய அச்சு, போதிய அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் படலம் உடைந்து உலோகமும் உலோகமும் இடைவெளியின்றி ஒட்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கியதும், லக்குக்குள் நுழையவில்லை என்று நாலு இழைகளை வெட்டி எறிந்ததும், ஸ்லீவ் மாட்டியபின் சரியாக நசுக்கியதன் அதே முகத்தோடுதான் இருக்கும்.

அப்படியானால் ஈயத்துக்கே திரும்பிவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு சுமார் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அதிக லோடில் இணைப்பே கழன்றுவிடக்கூடும். நல்ல கிரிம்ப் அதைவிட நம்பகமானது, மறுக்கவில்லை. கோளாறு வேறிடத்தில்: இணைக்கும் முறை மாறியது, சோதிக்கும் முறை மாறவில்லை. இன்றும் முதலில் வெளியே வருவது டெஸ்டர்தான். அது எரிய நுண்ணளவு மின்னோட்டம் போதும்; பாதி அரித்துப்போன லக்கும் அதை எரியவைக்கும். எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஓர் இணைப்பு 0.3 ஓம் தடை காட்டினால், அந்தச் சின்ன லக்கில் மட்டும் 20 வாட்டுக்கு மேல் சூடு, அதாவது ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் சூடு. மொத்த மின்னோட்டம் கூடவில்லை, சற்றுக் குறைகிறது, எம்.சி.பி. விழக் காரணமே இல்லை. மல்டிமீட்டரில் ஓம் பார்த்தாலும் அதன் வயர்களின் தடையே ஏறத்தாழ அந்த அளவு வரும். லோடை ஓடவிட்டு இணைப்பின் இரு பக்கமும் வோல்ட் வித்தியாசம் பார்ப்பதே சரியான வழி: நல்ல லக்கில் சில மில்லிவோல்ட், இந்த லக்கில் இரண்டரை வோல்ட்டுக்கு மேல். மின்சாரம் ஓடும் கம்பியில் செய்யும் வேலை என்பதால் பழகிய கை மட்டுமே செய்யவேண்டும். மீட்டர் இல்லாதவருக்கும் ஒரு தடயம் உண்டு: சூடு கம்பி வழியே ஏறுவதால் லக்கை ஒட்டிய உறை பழுப்பேறி, விறைத்திருக்கும்.

வீடுகள் அடுக்குமாடிகளான பிறகு இந்த மறைவு பலரைத் தாக்குகிறது. தாழ்வான தெருக்களில் மழைநீர் தெருவோர மின் பில்லர் பாக்ஸைத் தொடுகிறது. அலுமினியக் கேபிளில் இரு உலோகமும் சேர்ந்த பைமெட்டல் லக் போடாமல் வெறும் செம்பு லக் போட்டிருந்தால், ஈரத்தில் அலுமினியம்தான் அரிக்கும். அரித்தது நியூட்ரலாக இருந்தால் மும்முனை இணைப்புள்ள கட்டடத்தில் ஒரு வீட்டு விளக்கு மங்கும், பக்கத்து வீட்டு டி.வி. புகையும். குடியிருப்போர் 'ஹை வோல்டேஜ்' என்று புகார் எழுதுவார்கள். வருகிறவர் பெரும்பாலும் ஃபேஸ் கம்பிகளைத்தான் முதலில் சோதிப்பார்.